துரை வீட்டுப் பிரஷ்

அப்பா உட்கார்ந்து வேலை செய்து நான் பார்த்ததில்லை. புத்தகம் தைப்பது உட்கார்ந்து செய்கிற வேலை. அவர் தையல் சட்டத்தை இடுப்பு உயர மேசைமேல் வைத்திருந்தார். மடித்து அடுக்கிய தாள்களில் ஒரு மடிப்பைத் தைத்து முடித்ததும் மேசையை ஒரு சுற்று சுற்றி வந்துதான் அடுத்த மடிப்பைக் கையில் எடுப்பார். எதிர்க்கடைத் தையல்காரர் திருஞானசம்பந்தம், "என்ன பைண்டரே, பொஸ்தகம் தைக்கிறீரா, கோயில் சுத்துறீரா?" என்று தினமும் கேட்பார். அப்பா தினமும், "ரெண்டும்தான்" என்பார்.

பெயர் மரியமுத்து. காரைக்காலில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. பைண்டர் என்றால் மாதா கோயிலுக்குப் பின்னால் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். போன மாதம் காலமானார். மார்வலி. அன்றும் நின்றுகொண்டுதான் இருந்தார்.

நான் புதுச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். எனக்கு விவரங்களை எழுதத் தெரியும். மாதா கோயில் இதழுக்கு அப்பாவைப் பற்றி எழுதச் சொன்னார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறில் நடந்ததை மட்டும் எழுதுகிறேன். மற்றதெல்லாம் அதற்குள் வந்துவிடும்.

பிரெஞ்சுக்காரர்கள் இருந்தவரை அப்பாவுக்கு மேரியிலிருந்து வேலை வந்துகொண்டிருந்தது. மேரி என்று நாங்கள் சொல்வது நகராட்சி அலுவலகம். பிறப்பு, இறப்பு, கல்யாணப் பதிவேடுகள் எல்லாம் அப்பா கட்டியவை. ஐம்பத்து நாலில் துரைமார் கப்பலேறினார்கள். அதன்பின் பதிவேடுகள் கட்டியே வந்து இறங்கின. அப்பாவுக்கு மிஞ்சியவை பள்ளிக்கூடப் புத்தகங்களும் பள்ளிவாசல் தெரு முஸ்லிம்களின் மதநூல்களான கிதாபுகளும். அந்தத் தெரு நின்றுவிட்டால் பாதி வேலை நின்றுவிடும்.

கிதாபு கட்டுவதில் அவருக்குத் தனி மரியாதை இருந்தது. மேசையைத் துடைத்து, மேலே வெள்ளைத் துணி விரித்துத்தான் பிரிப்பார். தரையில் வைக்கமாட்டார். அந்த அரபு எழுத்து அவருக்குத் தெரியாது. ஆனால் பக்கம் மாறாது. அந்தக் கல்லச்சுப் புத்தகங்களில் பக்க எண் பெரும்பாலும் இருக்காது. ஒவ்வொரு தாளின் அடியிலும் ஓரமாக ஒரு சொல் இருக்கும். அடுத்த தாள் அதே சொல்லில் தொடங்கும். அப்பா அந்தச் சொல்லின் உருவத்தைப் பார்த்து ஜோடி சேர்ப்பார்.

அந்த ஆண்டு சுல்தான் பீவி வீட்டிலிருந்து ஒரு கிதாபு வந்தது. அவர் கணவர் சைகோனில் வியாபாரம் செய்து அங்கேயே மௌத்தானவர். வீட்டில் பீவியும் மகள் ஜன்னத்தும்தான். பீவியின் தம்பி நெய்னா முகம்மது வெளிவேலைகளைப் பார்த்துக்கொண்டார். ஜன்னத்துக்கு நிக்காஹ் குறித்திருந்தது. அவர்கள் வீட்டு வழக்கப்படி நிக்காஹுக்கு முந்தின வாரம் பெண்கள் கூடி அரபு எழுத்தில் தமிழ் எழுதிய அந்த அரபுத்தமிழ்க் கிதாபை ஓதவேண்டும். சுல்தான் பீவியின் உம்மா, அதாவது அம்மா, ஓதியது. பீவியின் நிக்காஹுக்கும் அதைத்தான் ஓதினார்கள். முதுகு உடைந்து, நூல் அறுந்து, தாள்கள் தனித்தனியாகக் கழன்றிருந்தன.

அப்பா அதைப் பிரித்து, பழைய பசையைச் சுரண்டி, மடிப்பு மடிப்பாகத் தைத்தார். முதுகுக்குப் பசை தடவும் கட்டம் வந்தபோது பெட்டியிலிருந்து ஒரு பிரஷை எடுத்தார். அது துரைமார் போன சமயம் ஒரு துரை வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டதில் வாங்கியது. வெள்ளை மயிர், கறுப்புக் கைப்பிடி. நல்ல வேலை வரட்டும் என்று காகிதத்தில் சுற்றி வைத்திருந்தார். அதுவரை தொட்டதில்லை. இந்தக் கிதாபுக்காகத்தான் முதன்முதலாகப் பிரித்தார்.

நான் லீவில் வந்தேன். கிதாபு அழுத்துப்பலகைக்குள் இருந்தது. பிரஷ் கழுவி ஜன்னலில் காய வைக்கப்பட்டிருந்தது. எங்கள் பரிசோதனைக் கூடத்துக்குப் போலீஸ் சில சமயம் முடிகளை அனுப்பும். மனித முடியா, மிருக முடியா, எந்த மிருகம் என்று பார்த்து எழுதித் தருவோம். கை பழகிவிட்டது. பிரஷை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். பையில் இருந்த லென்சையும் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு மயிரின் நுனியும் இரண்டு மூன்றாகப் பிளந்திருந்தது.

"நல்ல பிரஷ்ப்பா" என்றேன். "பன்னி முடி. நுனி இப்படிப் பிளந்திருந்தாத்தான் பசை நெறையப் பிடிக்கும்."

அப்பா மேசையைச் சுற்றிக்கொண்டிருந்தார். நின்றார்.

"என்ன முடி?"

சொன்னதற்குப் பிறகுதான் நான் அழுத்துப்பலகையைப் பார்த்தேன்.

"ஆட்டு முடியா இருக்கக் கூடாதா?"

"இல்லப்பா. ஆட்டு முடி மெலிசு. நுனி பிளக்காது."

"குதிரை?"

"இல்ல."

"நிச்சயமா?"

"புதுச்சேரிக்கு எடுத்துட்டுப் போயி மைக்ராஸ்கோப்புல வேணா பாக்குறேன்."

"வேணாம். தெரிஞ்சது போதும்."

வாசலுக்குப் போனார். திரும்பி வந்தார். பிரஷைப் பழைய காகிதத்தில் சுற்றினார். பசைச் சட்டியைக் கொண்டுபோய்க் கொல்லையில் கவிழ்த்தார். மறுபடி வாசலுக்குப் போனார். சாப்பிடக் கூப்பிட்டதற்கு வந்து, இலையின் முன்னால் நின்றார்.

அம்மா பெயர் செல்லம்மா. எதையும் சட்டென்று முடித்துவிட நினைப்பவர்.

"இதுக்கு ஏன் இப்படிப் பூனை மாதிரி அலையிறீங்க? பசை காஞ்சுபோச்சு. மேல துணி ஒட்டி, தோலு ஒட்டியாச்சு. உள்ள என்ன இருக்குன்னு யாரு பாக்கப் போறா?"

"யாரும் பாக்கமாட்டாங்க."

"அப்புறம்? தெரியாமச் செஞ்சது பாவமில்லன்னு சாமியாரே சொல்லுவாரு."

"தெரியாமத்தான் தடவுனேன். குடுக்குறப்ப தெரிஞ்சுதானே குடுக்கணும்?"

அம்மா இலையில் சோற்றை வைத்தார். "சரி. யாருக்கும் சொல்லாதீங்க. பிரிச்சுப் பழைய பசையைத் தொடைச்சிட்டு, பனைநார்ப் பிரஷால புதுப் பசை தடவிக் குடுத்துடுங்க. அதுவும் நேர்மைதான்."

எனக்கும் அது சரியாகப் பட்டது. அப்பாவுக்கும் பட்டிருக்கவேண்டும். கடைக்குப் போய் அழுத்துப்பலகையின் திருகைத் தளர்த்தினார். கிதாபை வெளியே எடுத்துக் கத்தியைக் கையில் பிடித்தார். பிறகு கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"நான் தொடைச்சா அது எனக்குச் சுத்தம். அவங்களுக்கு எது சுத்தம்னு எனக்குத் தெரியுமா? தெரியாத சுத்தத்த நான் எப்படிப் பண்றது?"

பரிசோதனைக் கூடத்துச் சுத்தம் வேறு. அதை அவர் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் கிளம்பினோம். என்னை எதற்குக் கூட்டிப் போனார் என்றால், சுல்தான் பீவி கோஷா. அப்பா வாசல் நடையில் நிற்பார், அவர் திரைக்குப் பின்னால் இருந்து பேசுவார். எத்தனையோ ஆண்டுகளாகக் குரலை மட்டும் கேட்டுத்தான் அப்பா அவரிடமிருந்து வேலையைப் பெற்றிருக்கிறார். நான் பெண் என்பதால் உள்ளே போகலாம். தெரு முழுதும் அப்பா எனக்கு முன்னால் போனார். போய், நின்று, திரும்பி என்னிடம் வந்து, மறுபடி முன்னால் போனார்.

நான் திரைக்கு உள்ளே இருந்தேன். சுல்தான் பீவி அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். ஜன்னத் பக்கத்தில் இருந்தாள்.

"என்ன பைண்டரே, கிதாபு முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதும்மா. ஆனா ஒரு தப்பு நடந்துபோச்சு."

"கிழிஞ்சுதா?"

"கிழிஞ்சிருந்தா ஒட்டியிருப்பேனேம்மா."

அதற்குமேல் அவரால் அந்தச் சொல்லைச் சொல்ல முடியவில்லை. அந்த வீட்டில் அதைச் சொல்லக் கூடாது என்று நினைத்திருக்கிறார். திரைக்கு அந்தப் பக்கம் அவர் செருப்பில்லாத கால்கள் நகர்வதைப் பார்த்தேன். "பசை தடவுன பிரஷு, வெள்ளைக்காரன் சாமான்… நீங்க தொடாத பிராணி ஒண்ணு இருக்குல்லம்மா… அதோட மயிரு. எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது. நேத்துத்தான் எம்மவ பாத்துச் சொன்னா."

முறம் நின்றது. "அஸ்தஃபிருல்லா" என்றாள் ஜன்னத். இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"வேற யாருக்குத் தெரியும்?" சுல்தான் பீவியின் குரல் தாழ்ந்திருந்தது.

"எங்க வீட்டுல மூணு பேருக்கு. இப்ப உங்களுக்கு."

"அப்ப சொல்லாமலே இருந்திருக்கலாமே பைண்டரே!" அது பாராட்டு இல்லை. கோபம். "நான்பாட்டுக்கு ஓதியிருப்பேன். இப்ப எனக்கும் தெரிஞ்சுபோச்சு. இத நான் எங்க போயி இறக்கி வைப்பேன்? உம்மா கிதாப எப்படித் தொடுவேன்? தொடாம எப்படி இருப்பேன்?"

திரைக்கு அந்தப் பக்கம் அப்பாவின் கால்கள் நகர்ந்துகொண்டிருந்தன.

திரும்பும் வழியில் கேட்டார்: "மொகம் எப்படி இருந்துச்சு?"

"கோபம். அழுகவும் செஞ்சாங்க."

"எது முன்னாடி?"

"தெரியலப்பா."

அதை அன்று மாலைக்குள் இன்னும் பலமுறை கேட்டார்.

அடுத்த நாள் நெய்னா முகம்மது கடைக்கே வந்தார். தெருவில் நின்றே கத்தினார். "ஏன்யா பைண்டரே, ஊருல ஆடே இல்லயா? மாடு இல்லயா? பனைமரம்கூடவா பட்டுப்போச்சு? எங்க கிதாபுக்குன்னு தேடிப் பிடிச்சு வாங்கினீரோ?"

எதிர்க்கடையில் திருஞானசம்பந்தம் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அப்பா, "ஆமாங்க. உங்க கிதாபுக்குன்னுதான் எடுத்து வச்சேன். நல்ல பிரஷ்ஷுன்னு நெனச்சேன்" என்றார்.

நெய்னா முகம்மது செருப்பைக் கழற்றினார். பிறகு உள்ளே வந்தார். குரல் இறங்கியது. "பள்ளிவாசல் அசரத்துக்கிட்டக் கேட்டேன். ஈரம் பட்ட எடம் எல்லாம் ஏழு தடவை கழுவணுமாம். அதுல ஒரு தடவை மண்ணு கரைச்ச தண்ணி. கிதாபு அதத் தாங்குமா?"

அப்பா அன்று முதல்முறையாக நின்ற இடத்தில் நின்றார். "எங்க பட்டுச்சுன்னு எனக்குத் தெரியும். முதுகு மட்டும்தான். அட்டையும் தோலும் வேணாம், வேற போடலாம். தாளு தாங்குமான்னு பாக்கணும்." அவர் ஒரு துணியை நனைத்துத் தாளின் மூலையில் ஒற்றினார். மை அசையவில்லை. கல்லச்சு மை எண்ணெயில் குழைத்தது, தண்ணீரில் கரையாது. தாளும் பழைய கந்தல் தாள். இன்றைய தாளாக இருந்தால் கூழாகியிருக்கும்.

கடைசித் தாள் மட்டும் அச்சு இல்லை. சுல்தான் பீவியின் உம்மா நீல மையில் எழுதிய துஆ, ஒரு பிரார்த்தனை. முதுகோரம்வரை நெருக்கி எழுதியிருந்தார். "இது கரையும்" என்றார் அப்பா. நெய்னா முகம்மது அந்தத் தாளைப் படித்தார். "லாத்தாகிட்டக் கேட்டுச் சொல்றேன்" என்று கிதாபைத் துணியில் சுற்றி அக்காவிடம் எடுத்துப் போனார். ஜன்னத் நிக்காஹுக்கு வந்திருந்த பெண்களைக் கூட்டி அதைப் பிரதி எடுத்துக்கொண்டாள். பிறகு சொல்லியனுப்பினார்கள்: கழுவுங்க.

கழுவியது அவர்கள் வீட்டுக் கொல்லையில், கிணற்றடியில். அப்பா நூலை அறுத்து, மடிப்புகளைப் பிரித்து, சாய்த்து வைத்த பலகையில் ஒவ்வொன்றாக வைத்தார். முதுகு கீழே, தாள் மேலே. தண்ணீர் முதுகில் ஓடி வழிந்துவிட வேண்டும், மேலே ஏறக்கூடாது. நெய்னா முகம்மது ஊற்றுவதாகப் பேச்சு. முதல் மடிப்பிலேயே குடத்தைக் கவிழ்ப்பதுபோல் ஊற்றினார். தாளின் பாதிவரை நனைந்தது.

"ஐயையோ, மரத்துக்கா ஊத்துறீங்க?" அப்பா பதறினார்.

திரை விலகியது. சுல்தான் பீவி துப்பட்டியை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வந்தார். "தள்ளுப்பா. நீ தொழுகைக்கு ஒளுச் செய்யவே ஒழுங்காத் தண்ணி ஊத்தமாட்டே" என்று தம்பியிடமிருந்து செம்பை வாங்கினார். நூல்போல ஊற்றினார். அப்பா பலகையைச் சாய்த்துப் பிடித்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. "போதும்" என்பார் அப்பா. "இன்னும் ரெண்டு தடவை இருக்கு" என்பார் அவர். மண் கரைத்த தண்ணீர் வந்தபோது அப்பா பலகையைத் தன் பக்கம் இழுத்தார். ஒரு புத்தகத்தில் சேறு ஊற்றுவதை அவர் அதற்குமுன் பார்த்திருக்க மாட்டார். ஊற்றினார்கள். அடுத்த தண்ணீரில் அது போனது.

கடைசித் தாளில் நீலம் கரைந்து பலகையில் ஓடியது. சுல்தான் பீவி நிறுத்தவில்லை. ஊற்றி முடித்துச் செம்பைக் கிணற்று விளிம்பில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

மடிப்புகளைக் கயிற்றில் போட்டோம். அப்பாவும் நெய்னா முகம்மதுவும் வாசலுக்குப் போய்விட்டார்கள். கடற்கரைப் பக்கத்திலிருந்து காற்று எழுந்தது. பழைய மடிப்புகள் ஈரத்தில் விட்டுப்போயிருந்தன. தாள்கள் பறந்து கொல்லை முழுதும் விழுந்தன. கோழிகள் ஓடின. ஜன்னத்தும் பக்கத்து வீட்டுப் பெண்களும் துரத்திப் பிடித்தார்கள். மருதாணி இட்ட கை என்று அவளை அதட்டியதை அவள் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டே ஓடினாள். அந்த வீட்டில் அந்த வாரம் யாரும் சிரித்து நான் கேட்டது அப்போதுதான்.

அப்பா தாள்களைத் துணிமேல் பரப்பி அடிச்சொல் பார்த்து ஜோடி சேர்த்தார். ஜன்னத் திரைக்குள் இருந்து, நான் கொண்டுபோய்க் காட்டிய ஒவ்வொரு ஜோடியையும் வாசித்து, "சரி" என்றாள். ஓரிடத்தில், "இல்ல, இதுல ஒரு புள்ளி கூடுதலா இருக்கு" என்றாள். அப்பா மாற்றினார்.

விட்டுப்போன மடிப்புகளுக்கு மெல்லிய தாளை வாராக வெட்டி ஒட்டினார். மறுபடி தைத்தார். பசையை விரலால் தடவினார். விரலால் தடவினால் முதுகு மழமழவென்று வராது, அது அவருக்கு உறுத்தியது. தட்டித் தட்டிப் பார்த்தார். நாள் நெருங்கிவிட்டது. கொண்டுபோய்க் கொடுத்தோம்.

சுல்தான் பீவி இரண்டு கையாலும் வாங்கினார். கண்ணில் ஒற்றினார். பிரித்தார், மூடினார். முதுகைத் தடவினார்.

"முதுகு முன்ன மாதிரி இல்லையே பைண்டரே."

"இல்லம்மா."

"பரவால்ல. ஓதுறதுக்குப் போதும்."

ஓதினார்கள். நிக்காஹ் நடந்தது. எங்களுக்குப் பிரியாணி வந்தது. அம்மா சாப்பிட்டுவிட்டு, "எல்லாம் முடிஞ்சுது" என்றார்.

முடியவில்லை. செய்தி தெரு முழுதும் பரவியிருந்தது. கடைக்கு யாரும் வரவில்லை. ஒருவர் முன்பு கட்டிக்கொண்டு போன கிதாபோடு வந்து, "எங்களதுலயும் அதுதானா?" என்று கேட்டார். அப்பா இல்லை என்றார். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. இன்னொரு வீட்டில் கேட்காமலே கழுவிப் பார்த்தார்களாம். அது புது மில் தாள், கரைந்துவிட்டதாம். அப்பா வேலையில்லாத மேசையைச் சுற்றினார். நான் புதுச்சேரிக்குத் திரும்பினேன். அம்மா எழுதிய கடிதங்களில் ஒரே வரி: இன்னும் நடக்கிறார்.

அடுத்த முறை நான் வந்தபோது, நூகு வந்தார். பள்ளிவாசல் தெருவில் மளிகைக்கடை வைத்திருப்பவர். ஒரு கையில் துணியில் சுற்றிய கிதாபு. இன்னொரு கையில் மூங்கில் குச்சியில் மயிர் கட்டிய ஒன்று.

"பைண்டரே, தப்பா எடுத்துக்காதீங்க. பிரஷ் நானே கொண்டாந்துட்டேன்."

அப்பா அதை வாங்கிப் பார்த்தார். "என்ன முடி?"

"எங்க வீட்டு ஆடு. நானே வெட்டி, நானே கட்டுனது."

"பாத்தாத் தெரியுது."

"பசை உங்களதுதான். கோதுமைதானே?"

"கோதுமை மாவும், பூச்சி அரிக்காம மயில்துத்தமும்."

"துத்தம் எங்க வாங்கினீங்க?"

"உங்க கடையிலதான்."

நூகு சிரித்தார். ஆனால் போகவில்லை. அப்பா பிரித்து, தைத்து, முதுகைச் சமன்படுத்தும்வரை, வந்த நாளெல்லாம் பக்கத்திலேயே நின்றார். பசை தடவும் நேரம் வந்தது. அப்பா ஆட்டுமயிர்ப் பிரஷைக் கையில் எடுத்தார். நூகு இன்னும் கிட்டே வந்து எட்டிப் பார்த்தார். அப்பா பிரஷைக் கீழே வைத்தார். மேசையை ஒரு சுற்று சுற்றினார். எடுத்தார். மறுபடி வைத்தார். பிறகு அதை நூகுவின் கையில் கொடுத்தார்.

"நீங்களே தடவுங்க."

"எனக்குத் தெரியாதே!"

"நான் சொல்றேன். நடுவுலேர்ந்து ஓரத்துக்கு. அழுத்தாதீங்க. ஏன், மாடா குளிப்பாட்டுறீங்க? மெதுவா."

மயிர் கொட்டிப் பசையில் ஒட்டிக்கொண்டது. அப்பா ஊசிமுனையால் ஒவ்வொன்றாக எடுத்தார். முதுகில் மேடும் பள்ளமுமாக வந்தது. நூகுவுக்கு மகா திருப்தி. தெருவில் போய் எல்லோரிடமும் காட்டினார்.

அடுத்த வாரம் இன்னொருவர் பிரஷோடு வந்தார். பிறகு அதுவே ஏற்பாடாகிவிட்டது. பள்ளிவாசல் தெரு மறுபடியும் எங்கள் கடைக்குக் கிதாபு கொண்டுவந்தது. கூடவே ஆட்களும் வந்தார்கள், பிரஷும் வந்தது. சுல்தான் பீவி மட்டும் பிரஷ் இல்லாமல் கிதாபை நெய்னா முகம்மதிடம் கொடுத்தனுப்புவார். அவர் கிதாபுக்கு அப்பாவே தடவுவார், விரலால்.

மற்றவர்கள் தடவும்போது அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மேசையைச் சுற்றிச் சுற்றி வருவார். "ஓரத்துக்கு விடுங்க… விடுங்கங்குறேன்… ஐயோ, அங்க சேருது பாருங்க." அவர்கள் போனதும் முதுகைச் சுத்தியலால் தட்டுவார். தட்டித் தட்டிச் சமமாக்கப் பார்ப்பார். ஆகாது. அட்டை ஒட்டி மறைத்துவிடுவார்.

அது அவருக்கு அவமானமாக இருந்ததா, தெரு திரும்பி வந்ததே என்ற நிம்மதியாக இருந்ததா என்று நான் கேட்கவில்லை. கேட்பதற்கு, அவர் போகும்வரை, மூன்று ஆண்டுகள் இருந்தன. லீவுக்கு லீவு வந்தேன். கேட்டிருந்தால், "பசை காயுது, நகரு" என்றுதான் சொல்லியிருப்பார்.